பயந்தாங்கொள்ளிப் பொத்தான்

செத்துப்போன புருஷனுக்கு வேறு ஒருத்தி இருந்தாளா இல்லையா என்பதை மத்தியானம் மூன்று மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

ஒட்வார் இந்தத் தொழிலுக்கு வந்து எட்டு வருஷம். உயிரோடு இருக்கிற புருஷன்களைப் பின்தொடர்ந்தே இரண்டு ஜோடி பூட்ஸ் தேய்ந்துவிட்டது. எங்கேயும் ஓட முடியாத ஒரு மனிதரைப் பின்தொடர்வது இதுதான் முதல் தடவை.

“சுலபமான கேஸ் தலைவி. ஆள் தப்பிச்சு ஓட மாட்டார்,” என்றான்.

டாக்னி முறைத்தாள். கேஸ் கொடுத்தவள் ஐந்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்னி இருபத்தைந்து வருஷம் சுங்க இலாகாவில் இருந்தவள். டென்மார்க்கிலிருந்து வரும் படகுகளில் சாராயத்தை எங்கெங்கே ஒளிப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அவள் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட ஒரே ஆள் ஒட்வார். அவன் வாய்க்குத் தனிச் சம்பளம் கிடையாது.

ஸ்கார்விக் படகுத்துறை அன்று சந்தைக்கடையாக இருந்தது. மே பதினேழு தேசிய நாளுக்குள் படகு தண்ணீரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று ஊரே விசாரிக்க வந்துவிடும். அன்று பதினைந்து. கிரேன் ஒவ்வொரு படகாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. வரிசையில் கடைசியாக, மரத் தாங்கியின் மேல், ஹால்வரின் பழைய கேபின் படகு நின்றது. இருபத்தேழு அடி, முப்பது வயசு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கியது. ஓய்வு பெற்றதும் அதில் வடக்கே லோஃபோட்டன் தீவுகள் வரை போவதாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இதே படகில், தார்ப்பாய்க் கூடாரத்துக்குள், கையில் வார்னிஷ் பிரஷ்ஷோடு ஹால்வரின் இதயம் நின்றுபோயிற்று. வயது அறுபத்தாறு.

அவர் மனைவி சிக்னே, ஊர் தேவாலயத்தில் முப்பது வருஷம் ஆர்கன் வாசித்தவள். ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மறு கையின் உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். அவ்வளவு கோபம் என்று ஒட்வார் நினைத்துக்கொண்டான். பிறகு ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

“நேத்தே மூணு தடவை வாசிச்சீங்க சிக்னே,” என்றாள் டாக்னி.

“நாலாவது தடவையும் கேளுங்க. ‘இருக்கை நாற்பத்தொன்று. அவள் உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் இரண்டு குறைக்கச் சொன்னாள்.’ அப்புறம் இது. ‘கைப்பிடி வலது பக்கம். அவள் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.’” நோட்டை மூடினாள். “சிரிச்சாளாம். முப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்தினேன். நான் சிரிச்சதை அந்த மனுஷன் எங்கேயும் எழுதி வெக்கலை.”

ஒட்வார் வாயைத் திறந்தான். டாக்னியின் முழங்கை இடுப்பில் இடித்ததும் மூடிக்கொண்டான்.

“மூணு மணிக்கு வாங்கறவர் வரார். கையெழுத்துப் போட்டா படகு போயிடும்,” என்றாள் சிக்னே. “தன் அஸ்தியை இதே படகில இருந்து கலங்கரை விளக்குக்கு வெளியே கடல்ல தூவணும்னு அவருக்கு ஆசை. போன நவம்பர்லயே தானே எழுதிப் போட்டு அனுமதி வாங்கி வெச்சிருந்தார். அதெல்லாம் இப்படி ஒருத்தி இருந்தான்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி. திங்கட்கிழமை கல்லறைத் தோட்டத்துல பேர் போடாத புல்வெளி இருக்கே, அங்க புதைக்கச் சொல்லப் போறேன். பேரில்லாமலே கிடக்கட்டும்.”

“நவம்பர்லயேவா?” என்றான் ஒட்வார். இந்த ஊரில் ஆட்கள் குப்பைத்தொட்டி வைக்கக்கூட ஆறு மாசம் முன்னால் மனுப் போடுகிறவர்கள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அவர் இங்க வேலை செய்யறப்ப நீங்க வந்து பார்க்கவே இல்லையா?” என்று கேட்டாள் டாக்னி.

“ரெண்டு வருஷமா படகுப் பக்கமே வரலை. கடல் ஒத்துக்கலை. குமட்டும்.”

“அதுக்கு முன்னாடி முப்பத்தஞ்சு வருஷம் ஒத்துக்கிச்சா?”

“வயசானா எல்லாம் மாறும்,” என்று சிக்னே கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டாக்னியும் ஒட்வாரும் ஏணி வழியாகப் படகில் ஏறினார்கள். ஒட்வார் இடது பக்கப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, உடனே எழுந்தான்.

“ஐயோ! பல் டாக்டர் படகைக் குடுத்துட்டுப் போனாலும் வலியை விட்டுட்டுப் போயிருக்கார். ஸ்பிரிங் குத்துது!”

பழுப்பு ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. டாக்னி அதன் உயரத்தை டேப் வைத்து அளந்தாள். நாற்பத்தாறு சென்டிமீட்டர். வலது பக்கம் ஸ்டியரிங், மீட்டர்கள், ஓட்டுகிறவரின் ஆசனம் எல்லாம், ஹால்வர் போன பிறகு துறை ஆட்கள் மூடிக் கட்டிய ஒரே கேன்வாஸ் உறைக்குள் கிடந்தன. அது ஹால்வரின் இடம். அதை அவர்கள் தொடவில்லை.

“நாற்பத்தொண்ணு எங்கே?” என்றாள் டாக்னி.

“பெஞ்சுக்கு வரதுக்குள்ள அவருக்கு நேரம் வந்துடுச்சு போல.”

மற்றதெல்லாம் புதிதாக இருந்தது. கேபினுக்குள் இறங்க முன்பு இரண்டு உயரப் படிகள் இருந்திருக்கும். இப்போது நான்கு குட்டிப் படிகள். போகும்போதும் வரும்போதும் வலது கைக்கே அகப்படுகிற மாதிரி இரண்டு சுவரிலும் கைப்பிடி. அலமாரிக் கதவுகளில் குமிழ் கிடையாது, உள்ளங்கையால் தள்ளினால் திறந்துகொண்டன. அடுப்புத் திட்டில் ரப்பர் பதித்த ஒரு குழி. டாக்னி அதில் ஒரு ஜாடியை வைத்து, ஒரே கையால் மூடியைத் திருகினாள். திறந்தது. பெட்டியில் ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட், சின்ன அளவு.

“குள்ளமானவ. இடது கை வேலை செய்யாதவ,” என்றாள்.

“கண்ணு என்ன நிறம்னும் சொல்லிடுங்க, கையோட எழுதிக்கறேன்.”

“வாயை மூடிட்டுப் போய் யூஸ்தைனைக் கூப்பிடு.”

யூஸ்தைன் துறையின் கிரேன் ஆள். ஹால்வரைப் பிணமாக முதலில் பார்த்தவனும் அவன்தான். ஆரஞ்சு நிறக் கடல் உடுப்பு அவனுக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக, கை மடித்து, கால் மடித்து, உள்ளே ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது.

“டேய் யூஸ்தைன், கூடாரத்தையே மாட்டிட்டு வந்துட்டியா?” என்றான் ஒட்வார்.

“நல்ல சரக்குடா. ஹால்வர் குடுத்தது. ஜனவரியில கழட்டிக் கையில திணிச்சிட்டார். அடுத்த சீசனுக்கு எனக்கு வேண்டாம், நீ போட்டுக்கோன்னார். புதுசு வாங்கப் போறார்னு நினைச்சேன்.”

“இங்க ஒரு பொம்பளை வந்துட்டுப் போனாளா?” என்றாள் டாக்னி.

யூஸ்தைன் சிக்னே நிற்கும் திசையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “ரெண்டு தடவை. நகராட்சி கார்ல வந்தா. பையும் டேப்புமா உள்ள போனா, ஒரு மணி நேரம் இருந்தா. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. ஆனா அதைவிடப் பெரிய அதிசயம் ஒண்ணு சொல்லட்டுமா? ஹால்வர் பயந்தாங்கொள்ளிப் பொத்தான் போட்டார்.”

“ஹால்வரா!” என்று டாக்னியே கத்திவிட்டாள்.

படகின் மூக்கடியில் குறுக்காக ஒரு சின்ன விசிறி வைப்பார்கள். பொத்தானை அழுத்தினால் மூக்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். கயிறு பிடித்துக் குதிக்க ஆள் இல்லாவிட்டாலும் துறையில் ஒட்டி நிறுத்திவிடலாம். நாற்பது வருஷமாக, எந்தக் காற்றிலும், சாஸரில் கப்பை வைக்கிற மாதிரி படகை வைத்தவர் ஹால்வர். அந்த விசிறிக்குப் பயந்தாங்கொள்ளிப் பொத்தான் என்று பெயர் வைத்ததே அவர்தான். அதைப் பொருத்தியவனை ஒரு கோடை முழுக்கக் கிண்டலடிப்பார்.

“எதுக்குன்னு கேட்டேன்,” என்றான் யூஸ்தைன். “சிரிச்சார். அவ்வளவுதான்.”

நகராட்சிக் காரில் வந்தவளைக் கண்டுபிடிக்க ஒட்வாருக்கு இரண்டு போன்களும் ஒரு பொய்யும் போதுமாக இருந்தன. கை கால் முடியாதவர்களுக்கு வீட்டில் கைப்பிடி, சாய்பலகை எல்லாம் அளந்து பொருத்தித் தரும் பிரிவில் வேலை. பெயர் இடுன். துறையிலிருந்து பத்து நிமிஷ நடை. உள்ளே நுழைந்ததும் அவள் எழுந்து நின்றாள். ஒட்வாரின் முகவாய்க்கு வந்தாள், அவனோ ஆறடி மூன்று அங்குலம்.

“இவங்களா நாற்பத்தொண்ணு? முழங்கால் காதுல இடிக்குமே,” என்று முணுமுணுத்தான்.

டாக்னி விஷயத்தைச் சொன்னாள். இடுன் கடைசி வரை கேட்டாள்.

“நான் எதுவும் சொல்லக் கூடாது. சட்டம். போனவரைப் பத்தியும் சொல்லக் கூடாது, இருக்கிறவங்களைப் பத்தியும் சொல்லக் கூடாது.”

“இருக்கிறவங்களைப் பத்தி நான் கேக்கவே இல்லையே,” என்றாள் டாக்னி.

இடுன் மேஜையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அவர் அதை முடிச்சாரா?”

“கிட்டத்தட்ட.”

“அப்ப சரி,” என்று இடுன் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

திரும்பும் வழியில் டாக்னி வேகமாக நடந்தாள். “ஒட்வார், சிக்னே கையுறையை எப்படிக் கழட்டினா?”

“பல்லால. கோபத்துல.”

“நேத்து நம்ம ஆபீஸ்ல?”

ஒட்வார் யோசித்தான். “பல்லாலதான். காப்பி குடுத்தேன். நோட்டைக் கீழ வெச்சிட்டுத்தான் கப்பை எடுத்தா. அப்புறம் கப்பைக் கீழ வெச்சிட்டு நோட்டை எடுத்தா...” நின்றுவிட்டான். “இடது கையை நான் பார்க்கவே இல்லை.”

“நானும் பார்க்கலை. ஒளிச்சு வெச்சதைக் கண்டுபிடிக்கத்தான் இருபத்தஞ்சு வருஷம் சம்பளம் வாங்கினேன், பாரு.”

மணி இரண்டு. சிக்னே படகிலேயே ஏறி, கேபின் படியில் உட்கார்ந்திருந்தாள். எப்படி ஏறினாள் என்று ஒட்வார் கேட்கவில்லை. வலது கைக்கு எட்டும்படி எங்கும் கைப்பிடி இருந்தது.

டாக்னி அவள் எதிரே குந்தினாள். “அந்தப் பொம்பளை யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். சின்ன உருவம். ரெண்டு வருஷமா இடது கை வராது. அதை யார்கிட்டயும் சொல்லலை. நோட்டுல உட்கார்ந்து பார்த்ததும் சிரிச்சதும் இடுன்னு ஒரு நகராட்சிக்காரி, அளவு சரி பார்க்க மட்டும் வந்தவ. அளவெல்லாம் உங்களோடது சிக்னே.”

 சிக்னே கோட்டுப் பையிலிருந்து இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்தாள்.

“நரம்பு. கை கொஞ்சம் கொஞ்சமா விளங்காமப் போகும்னு டாக்டர் சொன்னார். நம்ம ஊர்ல புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி கயிறைப் பிடிச்சிட்டு குதிப்பா. எனக்குக் கயிறு பிடிக்க வரலை. சொன்னா மறுநாளே படகை வித்துடுவார். லோஃபோட்டன், லோஃபோட்டன்னு குழந்தை மாதிரி மேப்பை விரிச்சு வெச்சிருந்தார். அதான் குமட்டல்னு சொன்னேன். அவருக்கு எப்படித் தெரியும்?”

“உங்க வாசிப்பை அவர் கேட்டிருக்காரா?”

“ஞாயித்துக்கிழமை தவறாம. கடைசி வரிசை. கடவுள் நம்பிக்கை கிடையாது அவருக்கு...”

“இடது கை தடுமாறினா அவருக்குக் கேட்டிருக்கும்,” என்றாள் டாக்னி மெதுவாக. “நீங்களா சொல்லட்டும்னு காத்திருந்திருக்கார்.”

“என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் இவ்வளவும்...” சிக்னே அழுதாள். பார்க்க முடியாமல் ஒட்வார் நகர்ந்தான். வேறு போக்கிடம் இல்லாமல் அந்தக் கிழிந்த பெஞ்சில் உட்கார்ந்தான். ஸ்பிரிங் மறுபடி குத்தியது.

குத்தியதும்தான் அவனுக்கு உறைத்தது. மனைவியைக் கூட்டிப்போகத் துடித்த மனுஷன், மனைவி உட்காரும் பெஞ்சை மட்டும் ஏன் இப்படியே விட்டுவைத்தார்?

எழுந்து போய் வலது பக்கத்துக் கேன்வாஸ் உறையின் முடிச்சை அவிழ்த்தான். உறை சரிந்து விழுந்தது. புது நீலத் துணி போட்ட ஓட்டுநர் ஆசனம். ஒட்வார் அதில் உட்காரப் பார்த்தான். முழங்கால் இரண்டும் பலகையில் முட்டி நின்றன.

“டாக்னி,” என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லாததால் அவள் உடனே திரும்பினாள். “ஹால்வர் என்ன உயரம்?”

“உன் உயரம்,” என்றாள் சிக்னே.

“அவரால இதுல உட்காரவே முடியாது.”

டாக்னி டேப்பை எடுத்தாள். முப்பத்தொன்பது. நாற்பத்தொன்றிலிருந்து இரண்டு குறைத்தது. ஸ்டியரிங்கில் ஒரு கையாலேயே சுற்றுவதற்கு ஒரு குமிழ். வேக லீவர் வலது பக்கம். நங்கூரப் பொத்தான் வலது பக்கம். பயந்தாங்கொள்ளிப் பொத்தான் வலது கட்டைவிரலுக்குக் கீழே. இடது பக்கம் ஒரு மரத் தாங்கி, கை வைக்கிற வடிவத்தில் குடைந்தது. பாதி வார்னிஷ் பளபளத்தது, பாதி வெறும் மரம்.

“தப்பான இடத்துல தேடியிருக்கேன்,” என்றாள் டாக்னி. “இந்தக் கரையில பிறந்த எவளும் பொம்பளையோட இடத்தை ஸ்டியரிங் பக்கம் தேட மாட்டா. அவர் உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்குச் செய்யலை சிக்னே. நீங்க ஓட்டறதுக்குச் செஞ்சிருக்கார். கயிறு பிடிக்க ஆளே இல்லாம, தனியா.”

“தனியா எதுக்கு? அவர் எங்கே போறார்?”

கீழே யூஸ்தைன் அந்தத் தொளதொள ஆரஞ்சு உடுப்போடு கிரேன் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். சிக்னே அதைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்து எழுந்து நின்றுவிட்டாள்.

“அது அவரோடது.”

“ஜனவரியில குடுத்தாராம். அடுத்த சீசனுக்கு வேண்டாம்னு,” என்றான் ஒட்வார். “அஸ்திக்கு மனு நவம்பர்ல.”

சிக்னே ஆசனத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “ஜனவரியில இருந்து படுக்கையில படுக்கலை. சாய்வு நாற்காலியில உட்கார்ந்தே தூங்கினார். முதுகுவலின்னார். நான் வெந்நீர்ப் பை வெச்சுக் குடுத்தேன். நெஞ்சுன்னு எனக்கு...” மூச்சு வாங்கியது. “நான் குமட்டல்னு சொன்னேன். அவர் முதுகுவலின்னு சொன்னார். ஒரே மேஜையில எதிரெதிரா உட்கார்ந்து காப்பி குடிச்சோம்.”

மெல்ல அந்த நீல ஆசனத்தில் உட்கார்ந்தாள். கால் தரையில் சரியாகப் பதிந்தது. இடது கையைத் தூக்கிக் குடைந்த மரத்தில் வைத்தாள். ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

“டிவி பார்க்கறப்ப இந்தக் கையை எடுத்துத் தன் மடியில வெச்சுப்பார். விரலை ஒவ்வொண்ணா விரிச்சு விரிச்சுப் பார்ப்பார். வயசான காலத்துல பிரியம் வந்துடுச்சுன்னு நினைச்சேன்.”

“அளவு எடுத்திருக்கார்,” என்றாள் டாக்னி. “பிரியமும்தான்.”

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாங்குகிறவர் வந்தார். மகா உயரமான மனுஷர். ஆசனத்தைப் பார்த்து, “இது எந்த மடையன் செஞ்சது? காலை எங்கே வெக்கறது?” என்றார்.

“எனக்காகச் செஞ்சது. படகு விக்கறதுக்கில்லை, மன்னிச்சுடுங்க,” என்றாள் சிக்னே.

எல்லாரும் இறங்கியதும் கிரேன் படகைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது. பட்டை தளர்ந்ததும் சிக்னே, பின்பக்கத்திலும் ஹால்வர் வைத்திருந்த குட்டிப் படிகளில் ஏறினாள். டாக்னியும் ஒட்வாரும் பின்னாலேயே வந்தார்கள். முன் கயிறு துறையில் யூஸ்தைன் கையில் இருந்தது. ஆண்பிள்ளை ஒருத்தன் படகில் இருக்கிறான், அவன்தான் ஓட்டுவான், பெண்பிள்ளை கயிறு பிடிப்பாள். நாற்பது வருஷப் பழக்கம். யூஸ்தைன் கயிற்றைச் சுருட்டி, “சிக்னே, பிடி!” என்று வீசினான்.

கயிறு அவள் தோளில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. துறையில் வாஃபிள் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னால பிடிக்க முடியாது யூஸ்தைன்,” என்றாள் சிக்னே. தேவாலயத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். “இடது கை போச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. கயிறை ஒட்வார்கிட்ட குடு. நான் ஓட்டறேன்.”

ஒட்வார் கொக்கிக் கழியால் கயிற்றை இழுத்து எடுத்தான். ஏதாவது கிண்டலாகச் சொல்லிச் சூழ்நிலையை லேசாக்கலாம் என்று தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

சிக்னே என்ஜினைக் கிளப்பினாள். “திங்கட்கிழமை கலசத்தை வாங்கிட்டு வரேன். நானே கொண்டு போறேன், கலங்கரை விளக்குக்கு வெளியே,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. தேட வேண்டியிருக்கவில்லை, விரல் விழுந்த இடத்திலேயே இருந்தது. அழுத்தினாள். படகின் மூக்கு துறையை விட்டு மெல்ல விலகித் திரும்பியது. பக்கத்துக் கிழிந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதை ஒரு தடவை பார்த்தாள். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கிற கை ஸ்டியரிங்கில் இருந்தது.

“பயந்தாங்கொள்ளிங்க,” என்றாள் சிக்னே. “ரெண்டு பேருமே.”